குட்டை மூக்கு பிளக்

எங்கள் வீட்டில் கார் இருந்தது என்று சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்க்கிறார்கள். நானும் அவசரப்பட்டு மறுப்பதில்லை. ஆனால் அந்தக் கார் எங்களைச் சுமந்ததைவிட நாங்கள் அதைத் தள்ளியதுதான் ஜாஸ்தி என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பொய் சொன்ன பாவம் வந்து சேரும்.

ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் தாத்தா வாங்கிப் போட்டது அது. அதனால் பெயர் துரை வண்டி. யானைக் காது மாதிரி இரண்டு மட்கார்டு, ஏறுவதற்கு நீளமாக ஒரு படி, அமுக்கினால் வாத்து போலக் கத்தும் பித்தளை ஹாரன். மேல்மூடியை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் திறந்த வண்டி. அதில் மாப்பிள்ளையை உட்காரவைத்தால் இரண்டு பக்க மாடிகளிலிருந்தும் ஜனங்கள் ஆசை தீரப் பார்க்கலாம். ஆகவே திருவண்ணாமலையில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் எது வந்தாலும், மாப்பிள்ளை அழைப்புக்குத் துரை வண்டியைக் கேட்டு ஆள் வந்துவிடும். மற்ற நாட்களில் அது வீட்டுக்குப் பின்னாலேயே இருந்த அப்பாவின் மல்லாட்டை மில்லில், அதாவது நிலக்கடலை மில்லில், தகரக் கொட்டகையின் கீழே, மூட்டைகளோடு மூட்டையாகத் தூங்கும்.

அப்பாவுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. தம்பி என் சித்தப்பா. வண்டியை ஓட்டுகிறவர் அவர். தங்கை என் அத்தை. வண்டியைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். இந்த இரண்டாவது விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் படுத்திருக்கிறாள் என்று தெரிந்தால் எவன் வந்து கட்டிக்கொள்வான் என்பது அம்மாவின் கவலை. அத்தைக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. சமையலறையில் குழம்பு கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே, பின்பக்கம் கொட்டகையில் எஞ்சின் ஓடுவதைக் காதில் வாங்கிக்கொண்டு, "மூணாவது இருமுதுண்ணா, பிளக்கக் கழட்டிப் பாரு" என்று கத்துவாள். சித்தப்பா கழற்றிப் பார்ப்பார். மூன்றாவது சிலிண்டர்தான் இருமியிருக்கும். எனக்கு அப்போது நாலாம் வகுப்பு. உலகத்தில் அத்தைக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இப்பேர்ப்பட்ட அத்தையைக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் கொடுப்பதாகப் பேச்சு வந்தது. நெல்லும் மல்லாட்டையும் பயிர் வைக்கிற குடும்பம். நல்ல மனுஷர்கள், நிலம் இருக்கிறது, கிணறு இருக்கிறது என்று அப்பா அடுக்கிக்கொண்டே போனார். கார் இருக்கிறதா என்று நான் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை செய்த காரியம் இருக்கிறதே, அதை என்னால் மறக்கவே முடியாது. அத்தை தட்டோடு வந்து நிற்கிறாள். எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். இவர் மட்டும் ஜன்னல் வழியாகக் கொட்டகையில் நின்ற துரை வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்புவார், பலகாரத்தில் ஒரு கடி கடிப்பார், மறுபடி ஜன்னல். அவர்கள் போனதும் அத்தை பொரிந்து தள்ளிவிட்டாள்.

"என்னப் பாக்க வந்தாரா, காரப் பாக்க வந்தாரா? ஆயுசுல காரே பாக்காத ஊருக்கா என்ன அனுப்பறீங்க?"

ஜாதகம் பொருந்திவிட்டது, தை மாதத்தில் நாள் குறித்தாகிவிட்டது. அன்றிலிருந்து அத்தை சிரிப்பதை விட்டுவிட்டாள். கேட்டதற்குப் பதில், வைத்ததற்குச் சாப்பாடு. கார் பார்க்காத மனுஷனோடு அத்தை என்ன பேசுவாள், பாவம்!

இங்கே எங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் சமணர்கள். ஊரில் நயினார் வீடு என்பார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்க மாட்டோம். பொழுது சாய்ந்தபின் சோற்றில் கை வைக்க மாட்டோம். கல்யாணமானாலும், சம்பந்தி வீடானாலும் அதே சட்டம்தான். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் சத்திரத்துக்கு வந்து, இருட்டுவதற்குள் பந்தியில் உட்கார்ந்து எழுந்தாக வேண்டும். தாமதமானால் வந்தவர்கள் அத்தனை பேரும் விடியும்வரை பட்டினி. சம்பந்தி வீட்டைப் பட்டினி போட்ட குடும்பம் என்ற பெயர் வந்தால் மூன்று தலைமுறைக்குப் போகாது. அதிலும் எங்கள் ஊரில் ஒரு வம்பு உண்டு. மலை மேற்கே நிற்கிறது. வெளியூரில் பொழுது இருக்கும்போதே இங்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அதற்காக எங்கள் பெரியவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ராஜகோபுரத்துக் கலசத்தில் வெயில் இருக்கிறவரைக்கும் பகல்தான், சாப்பிடலாம். பேச்சுவார்த்தையின்போதே அப்பா இதை மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "அதெல்லாம் உங்க ஊரு கணக்கு. நேரத்தோட கூட்டியாந்துடுங்க" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீட்டில் பெரிய சண்டை. நகைக்காக இல்லை, புடவைக்காகவும் இல்லை. துரை வண்டிக்கு எந்தப் பெட்ரோல் போடுவது என்று.

பெட்ரோல் விலை எக்கச்சக்கமாக ஏறியிருந்த சமயம் அது. அப்பா, "கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்துக்கலாமே, ஊர்லகீறவன் எல்லாம் கலக்கறான்" என்றார். சித்தப்பாவுக்கு உச்சி மண்டையில் ஏறிவிட்டது.

"தங்கச்சி கல்யாணத்துக்கு மண்ணெண்ணெயா? நான் மெட்ராஸ்லருந்து உசத்திப் பெட்ரோல் கொண்டாறேன். மாப்ள ஒக்கார்ற வண்டிண்ணா அது!"

விருந்துக்குப் பச்சரிசியா புழுங்கலரிசியா என்கிற மாதிரி இருவரும் கட்டிப் புரண்டார்கள். அத்தை அரிசி களைந்துகொண்டே, "பழைய எஞ்சின், அதுல அமுக்கம் கம்மி. உசத்திப் பெட்ரோல் அதுக்கு வேஸ்ட். மண்ணெண்ணெயும் வாணாம். சாதாப் பெட்ரோல வடிகட்டி ஊத்துங்க, போதும்" என்றாள். கல்யாணப் பெண் பேச்சை யார் கேட்கிறார்கள்? அவள் தலையில் பூ வைத்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டியவள்.

சித்தப்பா மெட்ராஸ் போய்ப் பெரிய கேன் நிறைய உசத்திப் பெட்ரோலோடு வந்தார். வாங்கித்தான் வாங்கினார், நான்கு புது பிளக்கையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பிளக் என்பது எஞ்சினுக்குள் பெட்ரோலுக்குப் பொறி கொடுக்கிற சாமான். தலை வெளியே இருக்கும், பீங்கான் மூக்கு உள்ளே இருக்கும். புது பிளக்குகள் வெள்ளி மாதிரி மின்னின. வேகமாக ஓடுகிற கார்களுக்கு அதைத்தான் போடுகிறார்களாம். மரையும் அச்சாகப் பொருந்திவிட்டது. பொருந்தாமல் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அத்தை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது.

"அண்ணா, மூக்கு குட்டையா கீது. குட்டை மூக்குல சூடு நிக்காது, சீக்கிரம் எறங்கிடும். ஓட்டற வண்டிக்குத்தான் இது சரி. நம்ம வண்டி இன்னா பண்ணப் போவுது? மோளத்துக்குப் பின்னால ஊரப் போவுது. கரி புடிக்கும்ணா. பழசு நெட்டை மூக்கு. சூடு நின்னு, ஒட்டற கரிய அதுவே எரிச்சிக்கும்."

"பழசப் போட்டா உன் கல்யாணத்துல இன்னா விசேஷம்?" என்றார் சித்தப்பா. எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. சித்தப்பா பாவம், தங்கை மேல் உயிர். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் போட்ட பிளக்கைத் தங்கை கல்யாணத்துக்கும் போடுவதா என்பது அவருடைய ரோஷம்.

புது பிளக்கை மாட்டி, உசத்திப் பெட்ரோலை ஊற்றி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போளூர் ரோட்டில் விட்டார் பாருங்கள் ஒரு விடு! அடேயப்பா! புளியமரங்கள் எதிரே ஓடிவந்து பின்னால் மறைந்தன. என் ரிப்பன் ஒன்று பறந்தே போய்விட்டது. ஒரு இருமல் இல்லை, ஒரு தும்மல் இல்லை. வாயெல்லாம் பல்லாக நான் வீட்டுக்குள் ஓடி, "அத்தே, வண்டி பறக்குது!" என்றேன். அத்தை, "பறக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். பழைய பிளக்குகள் எங்கே போயின என்று நான் கவனிக்கவில்லை.

மாப்பிள்ளை அழைப்பு அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, கை நிறையக் கண்ணாடி வளையல். மாப்பிள்ளை வீட்டார் இறங்கியிருந்த வீட்டிலிருந்து வெயில் சாயத் தொடங்கும்போதே ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நாதஸ்வரமும் தவிலும், பின்னால் ஜனங்கள், நடுவில் சாமந்தி மாலை சுற்றிய துரை வண்டி. சித்தப்பா பட்டுச் சட்டையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பின் சீட்டில் மாப்பிள்ளை, கழுத்தை நிமிர்த்த முடியாத அளவு மாலையோடு. முன் சீட்டில் நான். யார் உட்காரச் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். நானே உட்கார்ந்தேன்.

மேளக்காரர்கள் பத்தடி நடப்பார்கள், நின்று ஒரு கீர்த்தனையை ஆரம்பிப்பார்கள். யாராவது மாடியிலிருந்து பூப் போடுவார்கள். வண்டி நிற்கும், ஊர்ந்து போகும், மறுபடி நிற்கும். தேரடித் தெருவைத் தாண்டும்போது எஞ்சின் ஒரு தரம் இருமியது. சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கடலைக்கடை மூலையில் திரும்பும்போது இரண்டு மூன்று இருமலாகச் சேர்ந்து வந்தது. பின்னால் கறுப்பாக ஒரு புகை. பிறகு, சரியாக மூலை நடுவில், எல்லாக் கடைக்காரர்களும் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, துரை வண்டி மூச்சை விட்டது.

சித்தப்பா இறங்கி ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். பெட்ரோலைக் கூட்டிவிடுகிற சோக்கை இழுத்துவிட்டுச் சுற்றினார். பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வண்டி "புஸ்" என்றதோடு சரி. அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

"தள்ளிடலாமா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா குடையைத் தரையில் குத்தினார். "எங்க புள்ளையத் தள்ளுவண்டியில தள்ளிக்கினு போவீங்களா? நல்லாகீதே மரியாத!"

இறங்கி நடக்கவும் முடியாது. மாப்பிள்ளை அழைப்பில் ஏறின மாப்பிள்ளை, சத்திரத்து வாசலில்தான் காலைக் கீழே வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் கல்யாணமே நடுவில் நிற்கும் என்பார்கள். பெரியப்பா கையை நெற்றியில் வைத்து மேற்கே பார்த்தார். சூரியன் மலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. "பொழுது போவுது. சமையல எறக்கி வெச்சிட்டு எங்களுக்குப் பட்டினியா?" என்றார். அவர் குரல் உயர உயர அப்பாவின் தோள் இறங்கியது. மானம் கப்பலேறுகிறது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்று கண்ணால் பார்த்தேன்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்து ஓடினேன். சத்திரம் பக்கத்துத் தெருவில்தான். உள்ளே மணப்பெண் அறையில் அத்தைக்கு ஜடையில் பூத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தே! வண்டி நின்னுடுச்சி! கடலக்கட மூலையில!"

அறையில் இருந்த பெண்களெல்லாம் "ஐயையோ" என்றார்கள். அத்தை மட்டும் அசையவில்லை. "நிக்கறதுக்கு முன்னால இருமுச்சா? இன்னா நெறத்துல பொக வந்தது?"

"இருமுச்சி. கறுப்பு."

"பிளக்கக் கழட்டி மூக்கப் பாத்துட்டு வரச் சொல்லு. ஓடு!"

ஓடினேன். சித்தப்பா ஹாண்டிலோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "சும்மாயிரு குட்டி" என்றார். அப்போது பின் சீட்டிலிருந்து மாலைகளுக்கு நடுவே ஒரு குரல் வந்தது. மாப்பிள்ளை பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னா சொல்லி அனுப்பிச்சாங்க உங்க அத்த?"

சொன்னேன். அவர் கொஞ்சம் முன்னால் குனிந்தார். "மச்சான், கழட்டித்தான் பாருங்களேன். பொண்ணு இவ்ளோ தூரம் ஓடியாந்திருக்குது."

மாப்பிள்ளை சொன்னால் மறுக்க முடியுமா? சித்தப்பா ஸ்பேனரை எடுத்தார். முதல் பிளக் வெளியே வந்தது. அன்றைக்கு வெள்ளியாக மின்னியது, இப்போது அடுப்புக்கரி. மாப்பிள்ளை கையை நீட்டி வாங்கினார். மூக்கை விரல் நுனியால் தேய்த்தார், விரலோடு விரலை உரசினார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு இந்த மனுஷன் கரியில் கை வைக்கிறாரே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். முன்னே பின்னே பார்த்திருந்தால்தானே தெரியும்!

"உங்க அத்தகிட்டப் போய்ச் சொல்லு. காஞ்ச கரிதான், எண்ணெப் பசை இல்ல, எஞ்சின் மேல தப்பில்லேன்னு."

மறுபடி ஓட்டம். சொன்னேன். அத்தை வெடுக்கென்று தலையைத் திருப்பினாள். பூத் தைக்கிறவள், "ஊசி குத்திடும்மா, ஆடாத!" என்று கத்தினாள்.

"எண்ணெப் பசை இல்லேன்னு யாரு சொன்னது? சின்னண்ணனா?"

"இல்ல. மாப்ள."

அத்தை என்னையே பார்த்தாள். அவசரமான நேரத்தில் இப்படி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு மெதுவாக, "மூக்கு நீளம் இவ்ளோ போதுமான்னு கேளு. அவரையே கேளு" என்றாள்.

அவரையே கேட்டேன். அவர் பிளக்கை மறுபடி திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. "போதாதுன்னு சொல்லு. பழசு எங்கனா வெச்சிருக்காங்களான்னு கேட்டுட்டு வா."

பெரியப்பா, "இங்க இன்னா நடக்குது? ஒரு பாவாடக்காரிகிட்ட வண்டி ரிப்பேரா?" என்று சீறினார். மாப்பிள்ளை கையை மேலே காட்டினார். "பெரீப்பா, கலசத்துல வெயில் அடிக்குது பாருங்க. இன்னும் பகல்தான்." அப்பாவின் தோள் ஒரு அங்குலம் நிமிர்ந்தது. எல்லோரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். தெரு முழுக்க நிழல். உச்சியில் மட்டும் கலசம் தகதகவென்று எரிந்தது. மேளக்காரர்கள் சும்மா நிற்பானேன் என்று மறுபடி வாசிக்க ஆரம்பித்தார்கள்.

நான் மூச்சு இரைக்கச் சத்திரத்தில் போய் விழுந்தேன். அத்தை இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். மூலையில் அவளுடைய கல்யாணப் பெட்டி, மறுநாள் புகுந்த வீட்டுக்குப் போக வேண்டியது. "தொற. புடவைக்கெல்லாம் அடியில கையை வுடு." விட்டேன். பழைய ரவிக்கைத் துணியில் முடிந்த ஒரு மூட்டை கையில் தட்டுப்பட்டது. கனமாக இருந்தது. அவிழ்க்காமலே தெரிந்துவிட்டது எனக்கு. பக்கத்தில் இருந்த பெண்கள் நகை என்று நினைத்தார்களோ என்னவோ, கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

அந்த ஓட்டம் மாதிரி நான் என் ஜென்மத்தில் ஓடியதில்லை. வளையல் உடைந்தது, நெற்றிச்சுட்டி காதுக்கு வந்தது. "வழி வுடுங்க! பிளக்கு! பிளக்கு!" என்று கத்திக்கொண்டே கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனேன். மாப்பிள்ளை மூட்டையை மடியில் வைத்து அவிழ்த்தார். நான்கும் துடைத்து, எண்ணெய் பூசி, மூக்கு மேல் பஞ்சு சுற்றி, குளிப்பாட்டிப் பொட்டு வைத்த குழந்தைகள் மாதிரி இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "நெட்டை மூக்கு" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். பிறகு சித்தப்பாவிடம் கொடுத்தார். கொடுக்கும்போது, "சோக்க உள்ள தள்ளிடுங்க மச்சான்" என்றார், ரொம்பச் சின்னக் குரலில், எனக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி.

சித்தப்பா ஹாண்டிலை ஒரு சுற்று சுற்றினார். "டமால்!" பின்னால் கறுப்பாக ஒரு பெரிய புகைப் பொட்டலம் வெளியேறியது, குடையோடு பெரியப்பா துள்ளிக் குதித்தார். அதன் பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது. டப டப டப டப என்று, வழக்கமான கல்யாணச் சத்தம். கடைக்காரர்கள் கை தட்டினார்கள். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகை பட்டுவிட்டதாம். எனக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. நான் தாவி முன் சீட்டில் ஏறப் போனேன். மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"இன்னும் ஒரே ஒரு தரம் ஓடிட்டு வரியா? இந்த வண்டிக்கு எந்தப் பெட்ரோல் நல்லதுன்னு உங்க அத்தயக் கேட்டுட்டு வா."

"வண்டிதான் ஓடுதே!" என்றேன்.

"ஓடுது. இருந்தாலும் கேட்டுட்டு வா."

இவரிடம் என்ன பேசுவது? வண்டி எனக்கு முன்னால் சத்திரத்துக்குப் போய்விடுமோ என்ற பதைப்பில் விழுந்தடித்து ஓடினேன். கேட்டேன். அத்தை முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்து குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கக் குலுங்க, பூத் தைத்த ஜடை முழுக்க ஆடும்படி. எத்தனையோ நாளைக்குப் பிறகு அத்தை சிரித்தது அன்றைக்குத்தான்.

"சாதாப் பெட்ரோல் போதும்னு சொல்லு. வடிகட்டி ஊத்தணும்னு சொல்லு" என்றாள். நான் வாசல் தாண்டுவதற்குள், "ஏ, அவருக்கே தெரியும்னும் சொல்லு!" என்று கத்தினாள். தெரிந்தால் எதற்கு இந்த அவசரத்தில் என்னை ஓடவிட வேண்டும்? அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொன்னால் கேலி செய்வது போல இருக்குமே என்று நானாக விட்டுவிட்டேன்.

கலசத்தில் வெயில் மறைவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் கடைசிப் பந்தி வரைக்கும் கை கழுவிவிட்டார்கள். பெரியப்பா பாயசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிக் குடித்தார். அவரைக் கேட்டால், எங்கள் ஊர் கணக்கும் அப்படியொன்றும் மோசமில்லையாம்.

மறுநாள் தாலி கட்டி முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் கிராமத்துக்குக் கொண்டுபோய் விடத் துரை வண்டி தயாரானது. சித்தப்பா பானெட்டைத் திறந்து நெட்டை மூக்கு பிளக்குகளை ஒரு தரம் மரியாதையாகத் தொட்டுப் பார்த்தார். புது மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

"மச்சான், கீழ்பென்னாத்தூர் வரைக்கும் ரோடு காலியா கெடக்கும். நீங்க வாங்கியாந்த பிளக்கத் தொடச்சி மாட்டுங்களேன். நீங்க ஓட்டற ஓட்டத்துக்கு அதான் சரி."

சித்தப்பாவின் முகம் பூத்துவிட்டது. எனக்கோ பகீரென்றது. நேற்று இத்தனை களேபரம் ஆகியும் இந்த மனுஷனுக்குப் புத்தி வரவில்லையே! அத்தை தடுப்பாள் என்று பார்த்தேன். அவள் கூறைப்புடவையோடு குனிந்து, தானே ஸ்பேனரை எடுத்துச் சித்தப்பாவிடம் நீட்டினாள். கழற்றிய நெட்டை மூக்குகளை அதே ரவிக்கைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்தாள். அந்தப் பெட்டியை வேறு யாரையும் தொடவிடாமல் மாமாவே தூக்கி வண்டியில் ஏற்றினார்.

"அங்கதான் காரே இல்லையே, உனக்கெதுக்கு அத்தே அது?" என்று கேட்டேன்.

"கெணத்துல தண்ணி எறைக்கற எஞ்சின் கீதாம், அதுக்கும் பிளக்கு உண்டாம். பெட்ரோல்ல கெளப்பி மண்ணெண்ணெயில ஓட்டறதாம்" என்று அத்தை மாமாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இது எப்போது இவளுக்குத் தெரிந்தது, யார் சொன்னார்கள் என்று நான் யோசிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. மேளம் இல்லை, கூட்டம் இல்லை. துரை வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் தெருக்கோடிக்குப் போய், ஹாரனை வாத்து மாதிரி ஒரு தரம் அடித்துவிட்டு மறைந்தது.

அம்மா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்த பாவம்மா. அந்த மாமாவுக்குக் காரப் பத்தி ஒண்ணுமே தெரியல. சின்ன விஷயத்தைக்கூட அத்தயத்தான் கேக்கறாரு."

அம்மா என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இருக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "கேட்டுக்கினே இருக்கட்டும்டி" என்றாள்.

ஊரே பார்க்க வளையல் உடைய ஓடினவள் நான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.